எல்லோருக்குமான தெரு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தெருவை வடிவமைக்க எங்கிருந்து தொடங்குவது?

ஓரத்திலிருந்து. வழக்கமாக நடப்பது இதற்குத் தலைகீழ். நடுவில் வண்டிகளுக்கான தடங்களைப் போட்டுவிட்டு, மிச்சம் விழுந்ததை நடைபாதை என்று பெயரிடுகிறார்கள். அந்த மிச்சத்தில்தான் மின்கம்பமும் டிரான்ஸ்பார்மரும் குப்பைத்தொட்டியும் வந்து நிற்கும்.

கோடு போடுவதற்கு முன் இரண்டு முடிவுகள் வேண்டும். இந்தத் தெருவில் வண்டி அதிகபட்சம் எந்த வேகத்தில் போகலாம்? இதில் மிக மெதுவாக நகரப்போகிறவர் யார்? முதல் பதில் தடத்தின் அகலம், திருப்பத்தின் வளைவு, கடக்கும் இடங்களின் இடைவெளி ஆகியவற்றைத் தீர்மானிக்கும். இரண்டாவது பதில் சாய்தளம், சிக்னல் நேரம், உட்காரும் இடம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும்.

18 மீட்டர் அகலத் தெருவை எடுத்துக்கொள்வோம். இரு பக்கமும் 3 மீட்டர் நடைபாதை (6), இரு பக்கமும் 2 மீட்டர் சைக்கிள் பாதை (4), சைக்கிளுக்கும் வண்டிக்கும் நடுவே அரை மீட்டர் தடுப்பு (1), 3.25 மீட்டரில் இரண்டு வண்டித்தடம் (6.5). மொத்தம் 17.5. மீதி அரை மீட்டரை வண்டித்தடத்தில் சேர்க்கக் கை பரபரக்கும். பஸ் நிறுத்தம் இருக்கும் பக்க நடைபாதைக்குக் கொடுங்கள்.

12 மீட்டர்தான் இருக்கிறது என்றால்?

தனி சைக்கிள் பாதைக்கு இடமில்லை, தேவையும் இல்லை. வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் கட்டிவிட்டால் சைக்கிள் வண்டிகளோடு கலந்தே போகலாம். இரு பக்கமும் 2.5 மீட்டர் நடைபாதை, நடுவே 5 மீட்டர் வண்டிப்பாதை, மிஞ்சும் 2 மீட்டரில் மாற்றி மாற்றி மரமும் பார்க்கிங்கும். 5 மீட்டரில் எதிரெதிரே இரண்டு கார்கள் கடக்கலாம், ஆனால் மெதுவாகத்தான் கடக்க முடியும். அந்த நெருக்கடி வேண்டுமென்றே வைப்பது.

30 கிலோமீட்டர் வேகத்தை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்?

கணக்கைப் பாருங்கள். 13 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை பந்தின் பின்னால் ஓடி வருகிறது. ஓட்டுநர் அதைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1 விநாடி என்று வைப்போம். 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விநாடியில் வண்டி 8.3 மீட்டர் போகும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். குழந்தையின் அருகே கிட்டத்தட்ட நின்றேவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் அதே 1 விநாடியில் 13.9 மீட்டர் ஓடியிருக்கும். பிரேக்கில் கால் அழுந்தும் முன்பே, வேகம் துளியும் குறையாமல் வண்டி குழந்தையைத் தாண்டியிருக்கும்.

சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான அபாயம் ஏறத்தாழ 4 விழுக்காடு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-லேயே முக்கியச் சாலைகள் தவிர மற்றெல்லாத் தெருக்களுக்கும் 30 என்று வரம்பு வைத்துவிட்டது. விபத்தில் ஒருவரும் சாகக்கூடாது என்ற இலக்கை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்றது. மனிதர் தவறு செய்யத்தான் செய்வார், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது அமைப்பவரின் பொறுப்பு என்பது அதன் அடிப்படை.

'வேகம் 30' என்று பலகை வைத்தால் போதாதா?

போதாது. ஓட்டுநர் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை, தெருவைப் பார்த்து ஓட்டுகிறார். நேராக, அகலமாக, தொலைவு வரை வெறிச்சென்று தெரியும் சாலை 'போ, போ' என்று சொல்லும்போது பலகையின் பேச்சு எடுபடாது. தடத்தை 3.5-லிருந்து 3 மீட்டருக்குக் குறைப்பது, இரு ஓரமும் மரம், 60 முதல் 100 மீட்டருக்கு ஒரு மேட்டுக் கடவை (நடப்பவர் கடக்கும் இடத்தையே மேடாக்கியது), நேர்ப்பாதையை லேசாக இடமும் வலமும் ஒடிப்பது ஆகியவை பலகை இல்லாமலே வேகத்தைக் குறைக்கும். பஸ்ஸும் லாரியும் அடிக்கடி போகும் தடம் மட்டும் 3.2, 3.3 மீட்டர் இருக்கட்டும்.

வேகத்தடை போட்டால் முதுகுதான் உடைகிறது. வேகம் குறைவதில்லையே?

போட்டது தவறான வகையாக இருக்கும். ஓர் அடி அகலத்தில் கூம்பாக நிற்கும் குட்டைத் தடை மெதுவாகப் போகிறவரைத் தூக்கிப்போடும். வேகமாகப் போகிறவரின் வண்டியிலோ, சக்கரம் சட்டென ஏறி இறங்கிவிடும், அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பவருக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆக, மெதுவாகப் போகிறவருக்குத் தண்டனை, விரட்டுகிறவருக்குச் சலுகை.

பிரிட்டனின் அரசுச் சாலை ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் உருவான வடிவம் இதைத் தீர்த்தது: 3.7 மீட்டர் நீளம், நடுவில் 100 மி.மீ. உயரம், வட்டத்தின் வில்போலச் சீரான வளைவு. இதில் வேகம் கூடக்கூட குலுக்கலும் கூடும். இப்போது பல இடங்களில் 75 மி.மீ. உயரமே போதும் என்கிறார்கள். பஸ் போகும் தெருவுக்கு அதுதான் சரி.

தார் ஊற்றும்போது கண்ணளவில் குவித்தால் இந்த வடிவம் வராது. வளைவை மரப்பலகையில் வெட்டி, அந்த அச்சை வைத்து இழுக்க வேண்டும். வெள்ளைப் பட்டையும் மேலே விளக்கும் இல்லாத வேகத்தடை, இரவில் இருசக்கர வண்டிக்காரருக்குக் குழிக்குச் சமம்.

நடைபாதை எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்?

நடைபாதை ஒரே பட்டை அல்ல, மூன்று பட்டைகள். சுவரையொட்டி அரை மீட்டர்: கடை வாசல், படி, ஜன்னல் பார்ப்பவர். நடுவே குறைந்தது 1.8 மீட்டர்: இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்கும் அகலம், இதில் எதுவும் நிற்கக் கூடாது, 2.2 மீட்டர் உயரம் வரை எதுவும் தொங்கவும் கூடாது. சாலையையொட்டி 1 முதல் 1.5 மீட்டர்: கம்பம், மரம், இருக்கை, பெட்டி, தள்ளுவண்டி.

சண்டை வருவது நடுப்பட்டையில்தான். '3 மீட்டர் நடைபாதை' என்று வரைபடத்தில் இருக்கும். அதன் நடுவில் ஒரு மின்பெட்டி நின்றால் நடப்பவருக்கு அது 80 சென்டிமீட்டர் நடைபாதைதான். அகலத்தை அளக்கும்போது மிகக் குறுகிய இடத்தில் டேப்பை வையுங்கள்.

நடைபாதை இருந்தும் மக்கள் சாலையில் நடக்கிறார்களே?

மக்களைத் திட்டும் முன் அதில் 200 மீட்டர் நடந்து பாருங்கள், கையில் ஒரு கனமான பையோடு. மூன்று காரணங்கள் திரும்பத் திரும்பத் தென்படும்.

முதலாவது உயரம். வண்டி ஏறாமலிருக்க 250, 300 மி.மீ. உயரத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். முழங்கால் வலிக்காரர் அதில் ஏறுவதே இல்லை. 150 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கார் இறங்குவதற்காக நடைபாதையையே வெட்டித் தாழ்த்துவது. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி நடப்பதைவிடச் சமமாகக் கிடக்கும் தார்ச்சாலையே மேல் என்று கால் தானாக முடிவெடுக்கிறது. நடைபாதை ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். கார்தான் ஓரப்பட்டையில் உள்ள சாய்தளத்தில் ஏறி, நடைபாதையைக் கடந்து, உள்ளே போக வேண்டும். இந்த ஒரு மாற்றம் பல தெருக்களில் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

மூன்றாவது தரை. பளபளக்கும் டைல்ஸ் மழையில் வழுக்கும். குறுக்குச் சரிவு 50-க்கு 1, அதாவது மீட்டருக்கு 20 மி.மீ.க்கு மேல் போனால் சக்கர நாற்காலி சாலைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும்.

நடைபாதையில் பைக் ஏறாமலிருக்கக் குட்டைத் தூண்கள் நடலாமா?

நடலாம், முழுத் தீர்வு என்று நம்பிவிடாதீர்கள். சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டர் இடைவெளி தேவை. அந்த இடைவெளியில் பெரும்பாலான பைக்குகளும் நுழைந்துவிடும். பைக்கைத் தடுக்கும், நாற்காலியை விடும் தூண் என்று ஒன்று கிடையாது. குறுக்குநெடுக்காகக் கம்பி கட்டிப் 'பூட்டு' போடுவதால் அடைபடுவது நாற்காலிக்காரரும் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவரும்தான்.

பைக் ஏன் ஏறுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் காரணம் தெரியும். சென்டர் மீடியனில் திரும்ப வழியில்லாமல் அரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். அல்லது இடப்பக்கத் தடத்தை நிறுத்திய கார்கள் அடைத்திருக்கும். அதைச் சரிசெய்யுங்கள். தூண் நட்டால் 70 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும், பார்வை மங்கியவருக்கும் தெரியும் நிறமும் வேண்டும். தூண்களுக்கு நடுவே சங்கிலி கட்டாதீர்கள். கைத்தடி அதன் கீழே போய்விடும், ஆள் மேலே விழுவார்.

சாய்தளமும் தொட்டுணர் டைல்ஸும் எப்படி அமைய வேண்டும்?

சாய்தளத்தின் சரிவு 12-க்கு 1. 150 மி.மீ. உயர நடைபாதைக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். அகலம் குறைந்தது 1.2 மீட்டர். அடியில் சாலையோடு சேருமிடம் முற்றிலும் சமமாக இருக்கட்டும். 20 மி.மீ. விளிம்பு ஒன்று மிஞ்சினாலும் நாற்காலியின் முன்சக்கரம் அதில் இடித்து நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னே சரிவார். ஒப்பந்தக்காரர் சாலைக்கு மேலும் ஒரு அடுக்குத் தார் போட்டால் இந்த மட்டம் கெட்டுவிடும். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

பார்வையற்றவர் காலாலும் கைத்தடியாலும் வழி அறிய உதவும் தொட்டுணர் டைல்ஸ் ஜப்பானில் மியாகே செய்ஈச்சி உருவாக்கியது. 1967-ல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதலில் பதிக்கப்பட்டது. மொழி எளிது: நீளக் கோடு என்றால் 'இந்த வழியே போ', புள்ளி என்றால் 'நில், கவனி'. புள்ளி டைல்ஸை அழகுக்காக நடைபாதை முழுக்கப் பதித்தால் அந்த மொழியே செத்துவிடும். கோடு ஒரு மரத்தில் போய் முட்டுவதும், மேன்ஹோல் மூடியில் அறுபட்டு அப்பால் தொடர்வதும் எங்கும் காணும் பிழை. இதில் கேலிக்கு இடமில்லை: கோட்டை நம்பி வருபவர் நேரே மரத்தில்தான் மோதுவார். மூடி தவிர்க்க முடியாததென்றால், அதன் மேலேயே டைல்ஸ் பதிக்கக்கூடிய குழிவான மூடியை வாங்குங்கள். மூடியைத் திருப்பிப்போட்டால் கோடு குறுக்காகிவிடும் என்பதால் திசைக்குறியும் போடுங்கள்.

ஜீப்ரா கோடு போட்டும் வண்டி நிற்பதில்லை. என்ன செய்யலாம்?

கோட்டை மேடாக்குங்கள். நடைபாதை மட்டத்துக்கு, 75 முதல் 100 மி.மீ. உயரத்தில், வண்டி ஏறி இறங்கும் பரப்பாகக் கடவையை அமைத்தால் அது வேகத்தடையாகவும் ஆகிறது; நடப்பவர் இறங்காமலே கடக்கிறார்.

இரண்டு தடங்களுக்கு மேல் உள்ள சாலையில் அதுவும் போதாது. ஒரு பஸ் நிற்கிறது, நீங்கள் அதன் முன்னால் நடக்கிறீர்கள், பக்கத்துத் தடத்தில் வரும் காருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். இதற்காகத்தான் வண்டிகளின் நிறுத்தக்கோட்டைக் கடவைக்குச் சில மீட்டர் பின்னால் தள்ளிப் போடுவதும், சாலை நடுவில் நடப்பவர் நின்றுகொள்ளத் திட்டு வைப்பதும். திட்டு குறைந்தது 2 மீட்டர் அகலம் இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் சைக்கிளின் பின்சக்கரமும் தள்ளுவண்டியின் முன்பகுதியும் தடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். மக்கள் ஏற்கெனவே எங்கே கடக்கிறார்களோ அங்கேதான் கடவை. 150 மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வேலி கட்டினால் வேலியைத்தான் தாண்டுவார்கள்.

சிக்னலில் நடப்பவருக்கு எத்தனை விநாடி கொடுப்பது?

14 மீட்டர் சாலையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர் 12 விநாடியில் கடப்பார். முதியவர், ஊன்றுகோல்காரர் விநாடிக்கு 0.9 மீட்டர் என்றால் 16 விநாடி. இரண்டாவது கணக்கில் வையுங்கள். வண்டிகளுக்குப் பச்சை விழும் முன் நடப்பவருக்கு 3 முதல் 7 விநாடி முன்னதாகவே பச்சை கொடுத்தால், திரும்பும் வண்டி வருவதற்குள் அவர் கண்ணில் படும் இடத்துக்கு வந்துவிடுவார். ஒரு சுற்று 90 விநாடிக்கு மேல் போனால் காத்திருக்கும் பொறுமை போய்விடும்.

நடைமேம்பாலம் கட்டினால் பிரச்சினை தீர்ந்ததே?

வண்டிகளுக்குத் தீர்ந்தது. அடியில் லாரி போக உயரம் விட்டு மேடை 6 மீட்டரில் அமையும். 150 மி.மீ. படி என்றால் ஏற 40, இறங்க 40. 12-க்கு 1 சாய்தளமோ ஒரு பக்கத்துக்கு 72 மீட்டர், இளைப்பாறும் தட்டுகள் தனி. 14 மீட்டர் சாலையைக் கடக்க இவ்வளவா? லிஃப்ட் வைத்தால், அது பழுதான நாளில் அந்தச் சாலை ஒருவருக்கு மூடப்பட்டதாகிறது. விரைவுச்சாலை, ரயில்பாதை தவிர வேறெங்கும் இதை முதல் தேர்வாக எடுக்காதீர்கள்.

சந்திப்பு மூலையின் வளைவு அவ்வளவு முக்கியமா?

தெருவில் மிகக் குறைந்த செலவில் பெரிய பலன் தரும் இடம் அதுதான். 7 மீட்டர் அகலத் தெரு பெரிய சாலையில் சேர்கிறது. நீங்கள் நடைபாதை விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டர் உள்ளே நடந்து வருகிறீர்கள். மூலையின் ஆரம் 10 மீட்டர் என்றால், நேராகக் கடக்க வேண்டிய தூரம் 16.5 மீட்டர். 4 மீட்டர் ஆரம் என்றால் 8.8 மீட்டர். கிட்டத்தட்டப் பாதி. மேலும், அகன்ற வளைவில் கார் பிரேக்கே தொடாமல் திரும்பும். இறுகிய மூலையில் குறைத்தே ஆக வேண்டும்.

தீயணைப்பு வண்டியும் லாரியும் எப்படித் திரும்பும் என்ற கேள்வி உடனே வரும். இறுகிய வளைவுக்கு உட்புறம், நடைபாதைப் பக்கமாக, 50 மி.மீ. உயரத்தில் சொரசொரப்பான கல் பட்டை ஒன்று போடுங்கள். கார் அதைத் தவிர்க்கும், பெரிய வண்டியின் பின்சக்கரம் அதில் ஏறிப் போகும். மூலையிலிருந்து 5, 6 மீட்டருக்குப் பார்க்கிங் கூடாது. நிறுத்திய காருக்குப் பின்னால் இருக்கும் ஒரு மீட்டர் உயரக் குழந்தை யாருக்கும் தெரியாது.

சைக்கிள் பாதைக்குப் பச்சைப் பெயின்ட் போதுமா?

பெயின்ட் எதையும் தடுக்காது. ஒரு வாரத்தில் அது பார்க்கிங் ஆகிவிடும். விளிம்புக்கல் வைத்துப் பிரித்துவிடுங்கள். ஒருவழிக்கு 2 மீட்டர், இருவழிக்கு 3. பக்கத்தில் கார்கள் நிற்குமென்றால், திறக்கும் கதவில் சைக்கிள் மோதாதிருக்க 60 முதல் 100 சென்டிமீட்டர் இடைவெளி. பாதை ஓரமாக இருக்கும்போது ஆபத்து குறைவு, சந்திப்பில்தான் அதிகம். சந்திப்பில் பாதையைச் சாலையிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது 5 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். திரும்பிய கார் நேராகி நின்று, சைக்கிளைப் பார்த்து, விட்டு, பிறகு போகும்.

பஸ் நிறுத்தம்?

சந்திப்பைத் தாண்டி வையுங்கள். அப்போது இறங்கியவர் பஸ்ஸின் பின்புறம் கடப்பார், முன்புறம் அல்ல. பஸ் ஒதுங்குவதற்கென நடைபாதையைக் குடைவதைவிட, நடைபாதையைச் சாலைப் பக்கம் நீட்டி, பஸ் தன் தடத்திலேயே நிற்பது நல்லது. ஏறுபவருக்கு இடமும் கிடைக்கும், பஸ் மீண்டும் தடத்தில் நுழையத் தவிக்கவும் வேண்டாம். சைக்கிள் பாதை நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போகட்டும்.

நடைபாதையே இல்லாமல் எல்லோரும் கலந்து நடக்கும் தெரு நல்லதா?

குறுகிய குடியிருப்புத் தெருவுக்கு நல்லது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1960களின் இறுதியில் தொடங்கிய முறை இது. 1976-ல் சட்ட ஏற்பு பெற்றது. வண்டி அங்கே விருந்தாளி. ஆனால் வண்டிப் போக்கு மிகுந்த சந்திப்பில் விளிம்பையும் சிக்னலையும் எடுத்துவிட்டுக் கண்ணோடு கண் பார்த்துக் கடக்கச் சொல்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கண்ணே தெரியாதவர் யாரைப் பார்ப்பார்?

மழைநீர், மரம், விளக்கு பற்றி?

மேட்டுக் கடவை ஓரத்து நீரோட்டத்தை மறிக்கும். கடவைக்கு மேல்பக்கத்தில் வடிகால் வாய் இல்லையென்றால் முதல் மழையிலேயே குளம். மறுநாள் யாராவது கடவையை உடைத்து வாய்க்கால் வெட்டியிருப்பார்கள். வடிகால் சட்டத்தின் துளைகள் சைக்கிள் போகும் திசைக்குக் குறுக்காக, 13 மி.மீ.க்கு மேல் அகலாமல் இருக்கட்டும்.

மரத்தைச் சுற்றி அடித்தண்டு வரை சிமென்ட் பூசினால் வேர் காற்றும் நீரும் தேடி மேலே வந்து தரையைப் பெயர்க்கும். குறைந்தது 1.2 மீட்டர் சதுரம் திறந்திருக்கட்டும்.

உயரக் கம்பத்து விளக்கு சாலைக்கு. அதன் வெளிச்சம் மரக்கிளைக்கு மேலேயே நின்றுவிடும். நடப்பவருக்கு 4 முதல் 6 மீட்டர் உயரத்தில் தனி விளக்கு வேண்டும். ஒரே இடத்தில் கண் கூசும் வெளிச்சமும் பக்கத்தில் கும்மிருட்டும் இருப்பதைவிட, மிதமாக ஒரே சீராக இருப்பதே பாதுகாப்பு.

கட்டும் முன் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும், வேண்டும். 2009-ல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடி, மடக்கு நாற்காலிகளைப் போட்டுத்தான் சோதனையைத் தொடங்கினார்கள். பிறகு அது நிரந்தரமானது. கூம்பு, பெயின்ட், கனமான பூந்தொட்டி இருந்தால் மூலையை இறுக்கவும் தடத்தைக் குறைக்கவும் ஒரு நாள் போதும்.

வைப்பதற்கு முன் அளவெடுங்கள். நெரிசல் இல்லாத நேரத்தில் 100 வண்டிகளின் வேகத்தைக் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் 85-வது வண்டியின் வேகம்தான் அந்தத் தெருவின் உண்மையான வேகம். கடப்பவர் எத்தனை விநாடி காத்திருக்கிறார், எத்தனை பேர் ஓடிக் கடக்கிறார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு வாரம் கழித்து, அதே கிழமையில், அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று மறுபடி அளவெடுங்கள். முதல் வாரத்து எண்களை எடுத்துக்கொள்ளாதீர்கள். புதியதைக் கண்டு எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள்.